தொட்டும் தொடாமலும்

இரவு ஒன்றரை மணிக்கு ஹாலில் ஒரு வெளிச்சம் வந்து அணைந்தது. கூடவே ‘பீப்’ என்று சின்னதாக ஒரு சத்தம். எந்தத் திருடனும் பீப் அடித்துக்கொண்டு வரமாட்டான் என்ற தைரியத்தில் எழுந்துபோய்ப் பார்த்தேன். டிவிக்குப் பக்கத்தில் சார்ஜிங் ஸ்டாண்டில் சாய்ந்திருந்த ரிமோட்தான். இருட்டிலேயே நின்று கவனித்தேன். திரை எரிந்தது. பேட்டரிப் படத்துக்குள் மின்னல் குறி வந்தது. பீப். சில வினாடிகளில் மின்னல் மறைந்தது, திரை அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கூத்து. காலையில் கையில் எடுத்தால் பேட்டரி காலி. ராத்திரி முழுக்கப் பந்தியில் உட்கார்ந்துவிட்டுப் பட்டினியாக எழுந்து வந்தவன் மாதிரி.

பழைய சரக்கு அது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், டிவிடி பிளேயர் நான்கையும் ஒரே பொத்தானில் எழுப்பவும் தூங்கவைக்கவும் சொல்லிக்கொடுக்கக்கூடிய, தொடுதிரை வைத்த புரோகிராமபிள் ரிமோட். இரண்டாம் கையாக வாங்கியது. கடைக்காரர்கள் ‘டாக்’ என்று சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஸ்டாண்டு என்று பெயர். மல்டிமீட்டரை எடுத்து டாக்கின் பின்களில் வைத்தேன்: 5.02 வோல்ட். அடாப்டரில் குறையில்லை, ஒயரில் குறையில்லை. பேட்டரிதான் போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டேன். இரவு ஒன்றரை மணிக்கு மறுபடி பீப்.

சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் டாக்கையும் ரிமோட்டையும் கொண்டுபோனேன். 5.02 கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்:

“லோடு போட்டுப் பாத்தீங்களா சார்?”

பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்குப் போகுமுன் இன்னொன்றைக் கேட்டுவிடலாம். ஒரு ரிமோட்டுக்கு ஸ்டாண்டு எதற்கு? சாதாரண ரிமோட் இரண்டு பென்சில் செல்லைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் உழைக்கிறதே.

இன்னும் பின்னால் போனால், ஒரு செல்கூட இல்லாமல் உழைத்த ரிமோட் உண்டு. 1956-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’. வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த ராபர்ட் ஆட்லர். அதற்கு முந்தைய ஆண்டு அதே நிறுவனத்தின் யூஜின் போலி, ஒளிக்கற்றையால் டிவியை இயக்கும் ‘ஃபிளாஷ்மேட்டிக்’ என்ற ஒன்றைச் செய்திருந்தார். ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் அதுவும் உத்தரவு என்று நினைத்து டிவி தானாகச் சேனல் மாற்றியது. அடுத்ததாக வானொலி அலையை முயலலாம் என்றால், அது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு டிவியையும் மாற்றிவிடும். விற்பனைப் பிரிவு இன்னொரு நிபந்தனையும் போட்டது: பேட்டரி கூடாது. செல் தீர்ந்துபோனால் வாங்கியவர் டிவியே கெட்டுவிட்டது என்று நினைப்பார் என்பது அவர்கள் பயம்.

ஆட்லர் என்ன செய்தார் என்றால், கையடக்கப் பெட்டிக்குள் நான்கு அலுமினியக் கம்பிகளை வைத்தார். பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் கம்பியின் முனையில் அடிக்கும். கம்பி வினாடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும். நம் காதுக்கு எட்டாத கோயில் மணி. டிவி அதைக் கேட்டுச் சேனல் மாறும். ஆற்றல் முழுவதும் அழுத்திய விரலிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தைப் பிரித்தறிய டிவிக்குள் கூடுதலாக ஆறு வெற்றிடக் குழாய்கள் தேவைப்பட்டு டிவியின் விலை எகிறியது என்பது வேறு கதை. சுமை முழுவதையும் டிவியின் தலையில் ஏற்றி ரிமோட்டைக் காற்றாக்கிவிட்டார். எனக்கு மிகப் பிடித்த பொறியியல் வேலைகளில் இது ஒன்று.

பின்னால் அகச்சிவப்பு எல்இடி வந்தபோது பேட்டரியும் ரிமோட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஆனால் அது எவ்வளவு சிறிய வயிறு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் ரிமோட் மொழிகளில் ஒன்று ஜப்பானின் என்இசி நிறுவனம் வகுத்தது. அதில் ஒரு பொத்தானுக்கு 32 பிட் கொண்ட ஒரு செய்தி போகும். முழுச் செய்தியும் சுமார் 68 மில்லி வினாடி. அதில் எல்இடிக்கு வேலை இருப்பது 28 மில்லி வினாடிக்கும் குறைவு. அப்போதும் அது தொடர்ந்து எரிவதில்லை. வினாடிக்கு 38,000 முறை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. எரியும்போது 100 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 200 முறை அழுத்தினாலும் செலவு சுமார் 0.05 மில்லி ஆம்பியர்-மணி. வருடத்துக்கு 20-ஐத் தொடாது. ஒரு சின்னப் பென்சில் செல்லில் இருப்பது கிட்டத்தட்ட ஆயிரம். செல் தீர்வதற்கு முன்னால் அது கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்துவிடுவதுதான் வழக்கம்.

இப்போது திரை வைத்த ரிமோட்டுக்கு வருவோம். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், ஆப்பிளை விட்டு விலகிய பிறகு தொடங்கிய ‘சிஎல் 9’ நிறுவனத்தின் பெயரில் 1987-ல் ‘கோர்’ என்ற ரிமோட்டைக் கொண்டுவந்தார். மற்ற ரிமோட்டுகளின் துடிப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். அதற்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தை வாங்கியவர்களில் பலருக்குத் தெரியவில்லை. 1998-ல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ‘புரோன்டோ’ வந்தது: பொத்தான்களுக்குப் பதிலாகப் பெரிய தொடுதிரை, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாமே பொத்தான்களை வரைந்து ஏற்றிக்கொள்ளலாம். பிறகு கனடாவில் பிறந்து லாஜிடெக் கைக்குப் போன ‘ஹார்மனி’ வகைகள். அவற்றில் பல, வண்ணத் திரையும் சார்ஜிங் டாக்கும் ஜோடியாகவே வந்தன.

வண்ணத் திரை, அதன் பின்னொளி, செயலி மூன்றும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, நாளில் அரை மணி நேரம் விழித்திருக்கிறது என்று கொள்வோம். செலவு 50 மில்லி ஆம்பியர்-மணி. பழைய ரிமோட்டுக்கு 0.05. டிவியோடு பேச ஆகும் செலவைப்போல் ஆயிரம் மடங்கு, நம்மோடு பேச ஆகிறது. ரிமோட்டின் பசி முழுவதும் அதன் முகத்தில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கில் ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருபது நாளில் தரைதட்டும். தூக்கத்தில் கசிவதையும் சேர்த்தால் இன்னும் முன்னால். மாதாமாதம் செல் மாற்ற யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் வைக்கிற இடத்தையே ஊட்டுகிற இடமாக்கினார்கள்.

டாக் என்பது கேபிள் செருகுவதற்குக் கொஞ்சம் சொகுசான மாற்று என்று தோன்றும். கட்டுமானத்தில் இரண்டும் வேறு ஜாதி. யுஎஸ்பி பிளக் துளைக்குள் நுழைந்து உலோகத்தை உலோகம் கவ்விக்கொள்கிறது, உரசித் துடைத்துக்கொண்டும் போகிறது. டாக்கில் கவ்வ ஆள் இல்லை. அடியில் சின்னச் சின்ன ஸ்பிரிங் பின்கள், போகோ பின் என்பார்கள், நிமிர்ந்து நிற்கின்றன. ரிமோட்டின் அடியிலோ முதுகிலோ உள்ள தகடுகள் அவற்றின்மேல் உட்காருகின்றன. அழுத்துவது ரிமோட்டின் சொந்த எடை மட்டுமே. 200 கிராம் ரிமோட்டை நான்கு பின்கள் ஆளுக்கு 50 கிராம் வீதம் மேலே தள்ளினால் தீர்ந்தது, ரிமோட் மிதக்கத் தொடங்கிவிடும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கவும் முடியாது, பின்களைக் கூட்டவும் முடியாது. பல டாக்குகளில் இரண்டு மூன்று பின்களே இருப்பதற்கு இந்த எடைக் கணக்கும் ஒரு காரணம்.

அந்த எடையில் உண்மையில் எவ்வளவு இடம் தொடுகிறது? இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். பார்வைக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், தொடுவது சில முட்கள்தான். நன்றாக இழைத்த உலோகப் பரப்பும் நுண்ணோக்கிக்குக் கீழே பலாப்பழத் தோல்தான். தொடும் முனைகள் அழுத்தத்தில் நசுங்கிக் கொஞ்சம் பரவும், அவ்வளவே. இதை அக்கறையாக ஆராய்ந்தவர் சுவீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோம். வாழ்நாளின் பெரும்பகுதியை இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக் கழித்தவர். அவர் பெயரில் மின் தொடுகைகளுக்கென்றே ஒரு மாநாடு நடந்துவருகிறது. அவர் வழியில் கணக்கிட்டால், 50 கிராம் அழுத்தத்தில் தங்கம் தங்கத்தைத் தொடும் மொத்தப் பரப்பு, சுமார் 20 மைக்ரான் விட்டமுள்ள ஒரு புள்ளிக்குச் சமம். தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவு பெரிய தகட்டில் பாயும் மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய வேண்டும். பெரிய கோயில் கதவைச் சாத்திவிட்டுத் திட்டிவாசலை மட்டும் திறந்துவைத்தால் திருவிழாக் கூட்டம் என்ன பாடுபடும்? அந்த நெரிசலே ஒரு மின்தடை. இருந்தாலும் சுத்தமான தங்கத்தில் அது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். யாருக்கும் தொந்தரவில்லை. திட்டிவாசலில் குப்பை சேரும்போதுதான் சிக்கல்.

குப்பைக்கு நாம்தான் மூலம். ரிமோட்டைப் பிடிக்கும் கை, முறுக்கும் காராசேவும் எடுத்த கை. எண்ணெய், வியர்வை, உப்பு. கடலோர ஊரென்றால் காற்றே உப்பு. எந்த உலோகம் இதற்குத் தாங்கும் என்பது நம் பூஜை அறையைப் பார்த்தாலே தெரியும். வெள்ளி விளக்கு காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கு மங்குகிறது. கழுத்தில் கிடக்கும் தாலி எத்தனை வருட வியர்வைக்கும் அசைவதில்லை. அதனால்தான் பின்களுக்குத் தங்க முலாம். ஆனால் அந்த முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு கலந்த உலோகம். நிக்கல் நடுவில் இல்லாவிட்டால் செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்துவிடும். ஆகவே ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி என்ற பழக்கத்தில் ரிமோட்டின் தகட்டையும் தேய்த்துவிடாதீர்கள். உப்புத்தாள் இன்னும் மோசம். தேய்த்த அன்று பளிச்சென்று சார்ஜ் ஏறும். தங்கம் போனபின் கீழே இருப்பது சில மாதங்களில் முன்னைவிட மோசமாகும். பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைப்பது போதும்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பல மலிவு டாக்குகளில் ரிமோட் இல்லாதபோதும் பின்களில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். இரண்டு பின்களுக்கு நடுவே உப்பு கலந்த ஈரப்படலம் ஒன்று படிந்தால் பள்ளிக்கூடத்து மின்னாற்பகுப்புப் பாடம் டாக்கிலேயே நடக்கத் தொடங்குகிறது. முலாமில் உள்ள நுண்துளைகள் வழியாக நேர்மின்முனையின் உலோகம் கரைந்து வெளியேறும். பாதிப்பு எப்போதும் பாரபட்சமாக இருக்கும்: நேர்முனை பச்சையும் கறுப்புமாக அரித்திருக்கும், எதிர்முனை புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். ரிமோட் உட்கார்ந்ததை உறுதிசெய்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும் டாக்குகள் இந்த வம்பிலிருந்து தப்பிக்கின்றன.

இப்போது ரிச்சி தெருவுக்கு வருவோம். அவர் ரிமோட்டைத் திறந்து, தகடுகளுக்குப் பின்னால் சர்க்யூட் பலகையில் மீட்டரின் இரு கம்பிகளையும் வைத்துக்கொண்டு, அப்படியே அதை டாக்கில் உட்காரவைத்தார். மீட்டர் 5 காட்டியது. சார்ஜ் தொடங்கியது. மீட்டர் 3.9-க்கு விழுந்தது. சார்ஜ் நின்றது. மறுபடி 5. மீட்டர் ஊஞ்சலாடியது.

நான் வீட்டில் அளந்தபோது லோடு இல்லை, அதாவது மின்னோட்டம் ஓடவில்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு அழுக்கு இருந்தாலும் மின்னழுத்தம் குறையாது. ஓம் விதி அதைத்தான் சொல்கிறது. குழாய் அடைத்திருந்தாலும் திறக்காதவரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். அரை ஆம்பியர் ஓடத் தொடங்கியதும், தொடுகையிலிருந்த சுமார் இரண்டு ஓம் தடை ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிட்டது. மிச்சம் 3.9. லித்தியம் பேட்டரியை நிரப்ப 4.2 வோல்ட்டும் அதற்கு மேல் கொஞ்சமும் வேண்டும். சார்ஜர் சில்லு, அடாப்டரைப் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று முடிவுகட்டி நிறுத்துகிறது. நிறுத்தியதும் ஓட்டம் இல்லை, அழுத்தம் மறுபடி ஐந்தாகிறது. ‘ஓ, இப்போதுதான் டாக்கில் வைத்தார்கள்’ என்று திரையை ஏற்றி, பீப் அடித்து, மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு வரவேற்புக்கும் பின்னொளிச் செலவு. விடிவதற்குள் உள்ளதும் போயிற்று.

டாக்கின் மூன்றாவது, நான்காவது பின்கள் எதற்கு என்று கேட்பார்கள். சிலவற்றில் அவை தகவலுக்கு. புதிய பொத்தான்களைக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்ற, பழைய சீரியல் முறையில் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, பொதுவான தரை ஒன்று என மூன்று இணைப்பு போதும். மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலும் பேட்டரி பொறுத்துக்கொள்ளும். தகவலில் ஒரு பிட் தவறினாலும் மறுபடி அனுப்ப வேண்டும். பல தயாரிப்பாளர்கள் சார்ஜுக்கு டாக், தகவலுக்குத் தனி யுஎஸ்பி துளை என்று பிரித்தது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். இரண்டையும் டாக் வழியாகவே கொண்டுபோகும்போது தரைப் பின் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பது நல்லது. தரை தொடுமுன் தகவல் பின் தொட்டுவிட்டால், மின்சாரம் சில்லின் கொல்லைப்புற வழியாக நுழைந்து அதை மயக்கம் போடவைக்கும். கையிலிருக்கும் பழைய யுஎஸ்பி பிளக்கின் உள்ளே பாருங்கள்: நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் நீளம். அவை மின்சாரமும் தரையும். தகவலுக்கு முன் அவை தொட வேண்டும் என்று ஏற்பாடு.

சார்ஜ் ஏறும் முறையைச் சொல்ல நம் வீட்டுக் குடத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. குழாயடியில் குடம் வைத்தால் முதலில் குழாயை முழுக்கத் திறந்துவிடுகிறோம். கழுத்து வந்ததும் சன்னமாகக் குறைக்கிறோம், இல்லாவிட்டால் வழிந்துவிடும். லித்தியம்-அயனி பேட்டரியும் அப்படித்தான். முதலில் மாறாத மின்னோட்டம். செல் 4.2 வோல்ட்டை எட்டியதும் அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தானாகக் குறையவிடுவார்கள். தொடக்க ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்ததும் முழுவதும் நிறுத்திவிடுவார்கள். பேட்டரி அடியோடு வறண்டுகிடந்தால், அதாவது 3 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால், முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சித் தெளிவு.

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்களோடு வந்த பழைய டாக்குகளில் சில, இவ்வளவு விவரமானவை அல்ல. ஒரு மின்தடையம், அல்லது ஒரு கடிகாரம், முடிந்தது. கடிகார வகையில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. பதினான்கு மணி நேரம் ஊட்டிவிட்டு நிறுத்து என்று கட்டளை. ஆனால் ரிமோட்டை எடுத்து ஒலியைக் குறைத்துவிட்டு மறுபடி வைத்தால் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஒரு மாலையில் இருபது முறை எடுத்துவைக்கிற பொருள் ரிமோட். நிரம்பிய செல்லுக்கு ஓயாமல் ஊட்டு. செல் உள்ளுக்குள் சூடாகிச் சீக்கிரமே செத்தது.

லித்தியம் செல்லுக்கும் சூடு ஆகாது. அதனால் பேட்டரியில் கூட்டல், கழித்தல் முனைகளோடு மூன்றாவதாக ஒரு முனை இருக்கும். அதன் பின்னால் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். அதை வைத்துச் சார்ஜர் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஊட்டுவதை நிறுத்திவிடும். சித்திரை மாதத்தில், மூடிய அறையில், ஆம்ப்ளிஃபயரின் தலையில் டாக்கை வைத்துவிட்டு ரிமோட் சார்ஜ் ஆகவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. முழுதாக நிரம்பிய நிலையில் சூட்டில் கிடப்பதுதான் லித்தியம் செல்லை வேகமாக முதுமையாக்கும். டாக்கில் வசிக்கும் ரிமோட்டுக்கு வாய்த்த வாழ்க்கையோ அதுவேதான்.

டாக்குகளின் காலம் அனேகமாக முடிந்துவிட்டது. புரோன்டோவை பிலிப்ஸ் 2010-ல் கைவிட்டது. ஹார்மனி தயாரிப்பை லாஜிடெக் 2021-ல் நிறுத்தியது. அதே 2021-ல் சாம்சங், முதுகில் சோலார் தகடு ஒட்டிய டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தது. அறை வெளிச்சமே அதற்குச் சாப்பாடு. எப்படி முடிந்தது என்றால், அதில் திரை கிடையாது. முகம் போனது, கூடவே ஆயிரம் மடங்குப் பசியும் போனது. ஆட்லர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ரிச்சி தெருக்காரர் தகடுகளைத் துடைத்தார். டாக்கின் நேர்முனைப் பின்னில் ஸ்பிரிங் துருவேறி அழுந்தியபடியே நின்றுவிட்டிருந்தது. வேறு எதிலிருந்தோ ஒரு பின்னைப் பிடுங்கிச் சால்டர் வைத்தார். ரிமோட்டை உட்காரவைத்ததும் மீட்டர் 4.9-க்கு இறங்கி அங்கேயே நின்றது.

அன்றிரவு ஒன்றரை மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. ஹாலில் வெளிச்சமில்லை, சத்தமுமில்லை. திருப்தியாக எழுந்துபோய்ப் பார்த்தேன். ஸ்டாண்டு காலியாக இருந்தது. ரிமோட், சோபா இடுக்கில், ஒரு முறுக்குத் துண்டோடு கிடந்தது.